வேலியே பயிரை மேய்கிறதா?

உங்கள் வீட்டுக்கு உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். மடியில் கிடக்கும் வலது கை மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், நாட்டு வைத்தியர் மாத்திரை உருட்டுவது போல, ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் காப்பியை நீட்டுகிறீர்கள். டம்ளரைப் பிடிக்கக் கையைத் தூக்கியதுமே ஆட்டம் குறைந்துவிடுகிறது! குடித்து முடித்துக் கையை மடியில் போட்டாரோ இல்லையோ, மறுபடியும் ஆரம்பித்துவிடுகிறது.

அவருடைய மனைவி சமையலறைப் பக்கம் வந்து உங்களிடம் மெதுவாகக் குறைப்பட்டுக்கொள்கிறாள். "முன்னே மாதிரி இல்லேடீம்மா. எதைச் சொன்னாலும் முகத்திலே ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு கோபம் கிடையாது. குரலும் கிணற்றுக்குள்ளேயிருந்து வர மாதிரி வருது. பாங்கியிலே கையெழுத்து சரியில்லைன்னு செக்கைத் திருப்பிட்டான். முத்து முத்தாக எழுதுகிறவர், இப்போ எறும்பு ஊர்கிற மாதிரி எழுதறார்."

"வயசாகிறதோல்லியோ, மாமி?" என்று நீங்கள் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவீர்கள். நானும் அப்படிச் சொல்லி அனுப்பியவன்தான். ஆனால் இது வயசு மட்டும் செய்கிற வேலையல்ல.

1817ம் வருஷத்தில் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற வைத்தியர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். நடுங்கும் வாதத்தைப் பற்றிய கட்டுரை அது. ஆறே ஆறு பேரைப் பற்றித்தான் அதில் எழுதியிருந்தார். அதிலும் சிலர் அவருடைய நோயாளிகளே அல்ல. தெருவில் நடந்து போனவர்கள்! கூன் விழுந்த முதுகு, முன்னால் சாய்ந்து குறு குறு அடியாக ஓடுவது போன்ற நடை, சும்மா இருக்கும்போது நடுங்கும் கை — இவற்றைக் கண்ணால் பார்த்தே, இது ஒரு தனி வியாதி என்று கண்டுகொண்டார். பின்னால் பாரிஸ் நகரத்துப் பிரபல டாக்டர் ஷார்கோ அந்த வியாதிக்குப் பார்க்கின்ஸன் பெயரையே சூட்டினார். 2019ம் வருஷத்துக் கணக்குப்படி உலகத்தில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதி இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது.

இதில் என்ன கெட்டுப் போகிறது என்பது பார்க்கின்ஸனுக்குத் தெரியாது. இப்போது நமக்குத் தெரியும். நடு மூளையில் இரு பக்கமும் மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. அங்கேயுள்ள நரம்பு அணுக்கள் டோபமைன் என்கிற ரசாயனத்தைத் தயாரித்து அனுப்புகின்றன. கை, கால், முகம் எல்லாம் நினைத்தபடி வழுவழுவென்று அசைய வேண்டுமானால் அந்த ரசாயனம் வேண்டும். பார்க்கின்ஸன் வியாதிக்காரர்களின் மூளையில் அந்த அணுக்கள் மடிந்து, கறுப்புத் திட்டு வெளிறிப் போய்க் கிடக்கிறது. கொடுமை என்னவென்றால், கையில் முதல் நடுக்கம் தெரிகிற சமயத்தில் அந்த அணுக்களில் ஏறக்குறையப் பாதி போயே போய்விட்டிருக்கும்.

டோபமைனின் பெருமையைக் கண்டுபிடித்த கதையில் நம் நாட்டுக்கும் சிறிது பங்கு உண்டு. 1957ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி கார்ல்ஸன் முயல்களுக்கு ரெஸர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். நம் ஊர்ச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கிற மருந்துதான் அது. முயல்கள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு கல்லாய்ச் சமைந்துவிட்டன. பிறகு டோபா என்ற பொருளை ஊசி மூலம் ஏற்றினார். உடம்பு அதை டோபமைனாக மாற்றிக்கொள்ளும். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓட ஆரம்பித்தன! இதற்காக அவருக்கு 2000ம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது. அந்த டோபா, வேலிகளில் படருகிற நம் பூனைக்காலியின் விதையில் இருக்கிறது. 1937லேயே சென்னையில் இரண்டு ரசாயன ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். (அதற்காக யாரும் பூனைக்காலி விதையை அரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டாம். அளவு தெரியாமல் கொடுக்கிற மருந்து விஷம்.) 1961ல் வியன்னா நகரத்தில் நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டபோது, படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள்.

இன்றைக்கும் அதுதான் தலையாய மருந்து. ஆனால் அது குறைந்த டோபமைனை நிரப்புகிறதே தவிர, அணுக்கள் சாவதைத் தடுப்பதில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான். குடத்தை ஓட்டை போடுகிறது யார்? அதைத்தான் நாற்பது வருஷங்களாகத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார்கள். துப்பறியும் கதைகளில் வருகிற மாதிரியே, யார் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லையோ, அவன் பேரில் சந்தேகம் விழுந்திருக்கிறது. அவன்தான் வீட்டுக் காவல்காரன்!

*

நம் உடம்பைக் காக்க ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மூளைக்கோ அந்தப் பட்டாளம் சுலபத்தில் நுழைய முடியாதபடி பலமான கோட்டைச் சுவர் உண்டு. உள்ளே மூளைக்கென்றே தனிக் காவல் படை இருக்கிறது. மைக்ரோக்ளியா என்று அதற்குப் பெயர். 1919ல் ஸ்பெயின் தேசத்தில் ரியோ ஒர்த்தேகா என்பவர், வெள்ளி உப்பினால் மூளைத் துணுக்குகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்து இந்த அணுக்களை அடையாளம் கண்டார். இதனால் தம்முடைய குருவும் நோபல் பரிசு பெற்றவருமான கஹாலின் மனஸ்தாபத்துக்கு ஆளாகி, அவருடைய ஆராய்ச்சி சாலையை விட்டே வெளியேற நேர்ந்தது. பெரிய மனிதர்களிடத்திலும் இதெல்லாம் உண்டு.

இந்தக் காவல் அணுவுக்கு மரக்கிளை மாதிரி மெல்லிய கைகள் பல உண்டு. 2005ல் உயிரோடிருக்கும் எலியின் மூளையைச் சக்தி வாய்ந்த மைக்ராஸ்கோப் மூலம் கவனித்தபோது, அந்தக் கைகள் ஒரு கணமும் சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தது. வீட்டைப் பெருக்கி மெழுகுகிற பெண்மணி மூலை முடுக்கெல்லாம் துழாவுகிற மாதிரி, அவை சுற்றுப்புறத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எங்கேயாவது ஓர் அணு செத்துக் கிடந்தால், கிருமி புகுந்தால், காவல் அணு உருவம் மாறுகிறது. கைகளைச் சுருட்டிக்கொண்டு உருண்டு திரண்டு வந்து குப்பையை விழுங்குகிறது, "ஆபத்து! ஆபத்து!" என்று ரசாயனத்தால் கூச்சல் போடுகிறது, எதிரியைச் சுட்டெரிக்கும் பொருள்களையும் கக்குகிறது.

கிருமி இருந்தால் சரி. கிருமியே இல்லாத இடத்தில் கக்கினால்?

கனடா தேசத்தில் வான்கூவர் நகரத்தில் பாட்ரிக் மக்கீர், ஈடித் மக்கீர் என்று ஒரு விஞ்ஞானத் தம்பதி இருந்தார்கள். கணவர் சாமானியப்பட்டவரல்ல, 1948ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர், பிற்பாடு தமது மாகாணத்தில் மந்திரியாகவும் இருந்தவர். மனைவி ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இந்தத் தம்பதியும் உடனிருந்தவர்களும் 1988ல் ஒரு காரியம் செய்தார்கள். பார்க்கின்ஸன் வியாதியால் இறந்தவர்களுடைய மூளையின் கறுப்புத் திட்டில், காவல் அணுக்கள் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று பார்த்தார்கள். அங்கே அவை யுத்தக் கோலத்தில் கூட்டம் கூட்டமாக நின்றன! சண்டைக்கு எழுந்த அணுக்கள் தூக்கிப் பிடிக்கிற ஒரு கொடி உண்டு. அந்தக் கொடி அத்தனை அணுக்களின் மேலும் பறந்துகொண்டிருந்தது. 1994ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், காவல் அணுக்களின் கூச்சல் ரசாயனங்களில் ஒன்றும் அந்த மூளைகளில் மிகுந்திருப்பதைக் கண்டார்கள்.

"இதில் என்ன ஆச்சரியம்? வீடு எரிந்தால் தீயணைக்கும் படை வந்து நிற்கத்தானே செய்யும்? அவர்கள்தான் நெருப்பு வைத்தார்கள் என்று சொல்லலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்டார்கள். அதற்குப் பதில் ஒரு விபரீதமான இடத்திலிருந்து வந்தது.

1982ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், போதை மருந்துப் பழக்கமுள்ள இளம் வயசுக்காரர்கள் சிலர் திடீரென்று மரப் பாவைகளாக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. கிழவர்களுக்கு வருகிற வியாதி ஒரு சில நாளில் இவர்களுக்கு வந்துவிட்டது. டாக்டர் லாங்ஸ்டன் என்பவர் துப்புத் துலக்கியதில், திருட்டுத்தனமாகத் தயாரித்த போதை மருந்தில் கலந்திருந்த விஷப் பொருள் ஒன்று கறுப்புத் திட்டின் அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொன்றிருக்கிறது என்று புலனாயிற்று.

அந்தத் துர்ப்பாக்கியசாலிகளில் மூன்று பேர், விஷம் உடலில் ஏறி 3 முதல் 16 வருஷங்களுக்குப் பிறகு காலமானார்கள். அவர்களுடைய மூளையை ஆராய்ந்த விவரம் 1999ல் வெளிவந்தது. விஷம் உடம்பிலிருந்து என்றோ போய்விட்டது. ஆயினும் காவல் அணுக்கள் இன்னும் ஆயுதத்தைக் கீழே போடவில்லை! நரம்பு அணுக்கள் இன்னும் மடிந்துகொண்டிருந்த அடையாளமும் இருந்தது. திருடன் ஓடிப்போய்ப் பல வருஷமாகியும், காவல்காரன் வீட்டுக்குள் கம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தால் பாத்திரம் பண்டமெல்லாம் என்ன ஆகும்? ஓர் அணு சாகிறது. அதன் குப்பையைக் கண்டு காவல் அணு ஆத்திரப்படுகிறது. அந்த ஆத்திரத்தில் பக்கத்து அணு சாகிறது. மறுபடியும் குப்பை, மறுபடியும் ஆத்திரம். இந்தச் சுழலில் சிக்கிவிட்டால், முதலில் நெருப்பு வைத்தது யார் என்பதே இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

*

இதோடு நிற்கவில்லை. கோட்டைச் சுவருக்கு வெளியேயுள்ள பட்டாளமும் உள்ளே நுழைகிறது என்று 2009ல் பாரிஸ் விஞ்ஞானிகள் காட்டினார்கள். நோயாளிகளின் கறுப்புத் திட்டில் டி அணுக்கள் என்கிற வெள்ளை அணுக்கள் புகுந்திருந்தன. அந்த டி அணுக்களில் ஒரு வகையே இல்லாமல் பிறந்த எலிகளுக்குக் கலிபோர்னியா விஷத்தைக் கொடுத்தால், மற்ற எலிகளைவிடக் குறைவான சேதம்தான் ஏற்பட்டது. ஆக, தீயணைக்கும் படை வராமலிருந்தால் வீடு அதிகம் எரியவில்லை! எலிக்கு நடந்ததெல்லாம் மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் சந்தேகம் வலுத்துவிட்டது.

இந்த டி அணுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் இவற்றுக்குப் பள்ளிக்கூடம். மிகக் கண்டிப்பான பள்ளிக்கூடம். சொந்த உடம்பின் பொருளைக் கண்டு சீறுகிற அணுக்கள் அங்கேயே ஒழித்துக் கட்டப்படுகின்றன. பரீட்சையில் தேறுவது சொற்பம். தேறியவை உடம்பெங்கும் ரோந்து சுற்றுகின்றன. ஒவ்வொரு அணுவும் தன் உள்ளே இருக்கும் புரதங்களின் துண்டுகளைத் தட்டில் வைத்து வாசலில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நவராத்திரிக் கொலு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். டி அணு வந்து பார்க்கும். எல்லாம் தெரிந்த பொம்மைகள் என்றால் பேசாமல் போய்விடும். அந்நியப் பொம்மை ஒன்று தென்பட்டதோ, ஆபத்துதான்.

பார்க்கின்ஸன் வியாதியில் அப்படி ஒரு பொம்மை இருக்கிறது. ஆல்பா ஸினுக்ளின் என்ற புரதம் அது. எல்லோருடைய மூளையிலும் இருப்பதுதான். ஆனால் இந்த வியாதியில் அது முறுக்கிக்கொண்டு, மோர்க் குழம்பு திரிந்த மாதிரி கட்டி கட்டியாக நரம்பு அணுக்களில் தங்கிவிடுகிறது. கோணிப்போன இந்தப் பொம்மையை டி அணு அந்நியன் என்று நினைத்துவிடுமோ?

2017ல் நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 67 நோயாளிகளிடமும், வியாதியில்லாத 36 பேரிடமும் ரத்தம் எடுத்து, அதிலுள்ள டி அணுக்களுக்கு அந்தப் புரதத்தின் துண்டுகளைக் காட்டினார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய 100க்கு 40 பேருடைய டி அணுக்கள் சீறி எழுந்தன! சொந்த வீட்டுப் பிள்ளையையே திருடன் என்று பிடித்துக் கொடுக்கிற கதைதான். மூட்டு வாதத்தில் ஒரு வகையும், குழந்தைகளுக்கு வருகிற நீரிழிவும் இந்த விதமான உள்வீட்டுச் சண்டையால் வருகிறவையே. பார்க்கின்ஸன் வியாதியும் ஓரளவுக்கு அந்த ஜாதியோ என்று டாக்டர்கள் யோசிக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

அதைவிட முக்கியமான செய்தி 2020ல் வந்தது. டி அணுக்களின் சீற்றம் எப்போது அதிகம் என்று அதே குழுவினர் பார்த்தார்கள். வியாதி முற்றியவர்களிடம் அல்ல. வியாதி வந்த புதிதில்தான் அதிகம்! நாளாக ஆகத் தணிந்து போகிறது. ஒரு நோயாளி விஷயத்தில், அவருக்கு வியாதி என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே எடுத்த ரத்தமும் கிடைத்தது. அதைப் பரிசோதித்தால், கையோ காலோ நடுங்காத அந்தக் காலத்திலேயே டி அணுக்கள் கோபமாக இருந்திருக்கின்றன.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஊஞ்சலில் கை நடுங்க உட்கார்ந்திருந்தாரே பெரியவர், அவருடைய மூளையில் கலகம் மும்முரமாக நடந்தது அவர் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே இருக்கலாம். நடுக்கத்தைக் கண்டு நாம் ஓடுகிறபோது பாதிப் பயிர் மேய்ந்தாகிவிட்டது.

*

அப்படியானால் காவல்காரர்களை அடக்கி வைத்துவிட்டால் போதுமே? சொல்வது சுலபம். ஒரேயடியாக அடக்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தவிர, காவல் அணுக்கள் குப்பை கூட்டுகிற நல்ல காரியத்தையும் செய்துகொண்டிருக்கின்றன. காவலாளியே எல்லாவற்றுக்கும் மூல காரணம் என்று எந்த விஞ்ஞானியும் சத்தியம் பண்ணவில்லை. அவனும் கூட்டாளி என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை உண்டு. குடல் புண்ணாகி ஓயாமல் வயிற்றுப் போக்கில் அவதிப்படும் ஒரு வகை வியாதி இருக்கிறது. அதுவும் வெள்ளை அணுக்களின் அட்டகாசந்தான். 2018ல் அமெரிக்காவில் பெரிய ஜனத்தொகையின் வைத்தியக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்தக் குடல் வியாதிக்காரர்களுக்குப் பார்க்கின்ஸன் வருவது மற்றவர்களைவிட 100க்கு 28 பங்கு அதிகம். ஆனால் அவர்களிலேயே, முன்னே சொன்ன கூச்சல் ரசாயனத்தின் வாயை அடைக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, எடுத்துக்கொள்ளாதவர்களைவிட 100க்கு 78 பங்கு குறைவாகவே வந்திருந்தது! ஏட்டுக் கணக்குதான், மருந்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்த முடிவல்ல. ஆயினும் கேட்கச் சந்தோஷமாயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வியாதி குறைவாக வருகிறது என்று 2011ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. வேறு ஆராய்ச்சிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாத்திரையைத் தினம் விழுங்கினால் வயிற்றில் புண் உண்டாகும், மூத்திரக் காய் கெடும். ஆகையால் பார்க்கின்ஸனுக்குப் பயந்து யாரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கவனிப்பதுதான். டாக்டருக்கு முன்னால் கவனிப்பவள் பெரும்பாலும் மனைவியே. கறுப்புத் திட்டு கெடுவதற்கு வெகு நாள் முன்பே சிலருக்கு மோப்பம் போய்விடுகிறது. பெருங்காயம் தாளித்த வாசனைகூடத் தெரிவதில்லை. தீராத மலச்சிக்கல் வருகிறது. தூக்கத்தில் கனவு காணும்போது கத்துவதும், பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பதும் குத்துவதும் உண்டு. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்துவிட்டால் பார்க்கின்ஸன்தான் என்று கலவரப்படக் கூடாது. மலச்சிக்கல் இல்லாத வீடு ஏது? டம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை ஆடி, மடியில் வைத்தால் நின்றுவிடுகிறதென்றால், அது அநேகமாக வேறு வகை நடுக்கம். ஆனால் இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்திருந்து, கையெழுத்தும் சிறுத்துக்கொண்டே போனால், பழைய கையெழுத்துத் தாள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு நரம்பு வைத்தியரிடம் போவது உசிதம். மாமியிடம் நான் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மருந்து நேரம் தவறாமல் கொடுப்பதும், தினசரி நடக்க வைப்பதும் இன்றைக்கும் கைகண்ட பலன் தருகின்றன. காவல் அணுக்களைச் சமாதானப்படுத்துகிற மருந்து இனிமேல்தான் வரவேண்டும். டி அணுக்களிலேயே ஒரு வகை உண்டு. அது சண்டை போடுகிற கட்சியல்ல, சண்டையை விலக்கிவிடுகிற கட்சி. அந்தக் கட்சிக்கு ஆள்பலம் சேர்க்கிற ஒரு மருந்தை அமெரிக்காவில் ஒமாஹா நகரத்து டாக்டர்கள் சில நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்து, 2017ல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் சமாதானக் கட்சியின் பலம் கூடியது வாஸ்தவம். சிலருக்கு எலும்பு வலியும், ஊசி போட்ட இடத்தில் தடிப்பும் வந்தன. இருபது பேரை மட்டும் வைத்து நடத்திய பரீட்சை அது. பாதிப் பேருக்கு மருந்து, மற்றப் பாதிப் பேருக்கு வெறும் ஊசி.